பதற்றத்தில் மூச்சை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மூச்சுப் பயிற்சி பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குறை: "பதற்றம் வந்தால் மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்கிறார்கள், செய்தால் இன்னும் மோசமாகிறது." எனவே அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: நீட் தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் வினாத்தாளைப் பிரித்ததுமே நெஞ்சு படபடக்கிறது. "நல்லா மூச்சை இழுத்து விடும்மா" என்று சார் சொன்னார். பத்துப் பதினைந்து தடவை வேக வேகமாகச் செய்தேன். தலை கிறுகிறுத்தது, விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. எனக்கு ஏதாவது நோயா?
– பிளஸ் டூ மாணவி, நாமக்கல்

பதில்: நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் இது நோயின் அடையாளம் அல்ல, அரைகுறை அறிவுரையின் விளைவு. "இழுத்து விடு" என்றால் எல்லாரும் இழுப்பதில்தான் கவனம் வைக்கிறார்கள். கவனம் போக வேண்டிய இடம் விடுவது.

ஓய்வாக இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. அதற்கே ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. நிறைகுடத்தில் மேலும் ஊற்றி என்ன பயன்? ஆனால் பெரிய பெரிய மூச்சாக வேகமாக விடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். பள்ளிப் பாடத்தில் அதைக் கழிவு என்றே படித்திருப்பீர்கள். உண்மையில் ரத்தத்தில் அது 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே மூளையின் ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் குறையும். கிறுகிறுப்பு அதனால்தான். கூடவே ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்து, அதில் தனித்து உலவும் கால்சியம் அயனிகள் குறைகின்றன. நரம்புகள் காரணமில்லாமல் சுண்டத் தொடங்குகின்றன. விரல் மரத்ததும் எறும்பு ஊர்ந்ததும் இதனால்தான். இன்னும் சில நிமிடம் தொடர்ந்திருந்தால் விரல்கள் இறுகி மடங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்கியிருப்பீர்கள்.

தேர்வில் செய்ய வேண்டியது இது. மூக்கால் 4 எண்ணும் வரை இழுங்கள். வழக்கமான அளவே போதும், மார்பை நிரப்ப வேண்டாம். 6 எண்ணும் வரை விடுங்கள். ஒரு சுற்று 10 விநாடி, நிமிடத்துக்கு 6. இதை 2 நிமிடம், அதாவது 12 சுற்று. இதை வினாத்தாள் கைக்கு வரும் முன்பே, இடத்தில் போய் உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். நடுவில் ஒரு கணக்கு மாட்டிக்கொண்டு படபடப்பு வந்தால் மூன்றே சுற்று, அரை நிமிடம். 180 நிமிடத்தில் 180 கேள்வி என்கிற தேர்வில் அரை நிமிடம் பெரிய இழப்பில்லை. பதறிப்போய் ஒரே கேள்வியை நான்கு முறை படிப்பதில் இதைவிட அதிகம் போகும். இன்னொன்று: மூச்சு படபடப்பைத்தான் இறக்கும், படிக்காத பாடத்தைச் சொல்லித்தராது.

கேள்வி: மூச்சை விடும்போது மனம் அடங்குகிறது என்பது அனுபவத்தில் தெரிகிறது. உடலுக்குள் என்னதான் நடக்கிறது? நிமிடத்துக்கு 6 என்ற எண் எங்கிருந்து வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: கடிகாரம்கூட வேண்டாம், மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வரும். விடும்போது இடைவெளி கூடும். வயது ஏற ஏற இந்த வேறுபாடு குறையும் என்பதால் உங்கள் கையில் தெரியவில்லையென்றால் பேரப்பிள்ளையின் கையில் பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

மூளைத் தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போன்றது. மூச்சை இழுக்கும் நேரத்தில் அந்தப் பிரேக் கொஞ்சம் தளர்கிறது, விடும் நேரத்தில் மறுபடி பிடிக்கிறது. அது ஓரிரு துடிப்புக்குள் வேலை செய்துவிடும். விடும் நேரத்தை நீட்டினால் பிரேக் பிடித்திருக்கும் நேரமும் நீளும். இதயத்துக்கு நேராக உத்தரவு போட நம்மால் முடியாது, மூச்சுக்குப் போடலாம். மூச்சு வழியாகச் சுற்றிப் போய் இதயத்தைத் தொடுகிறோம்.

6 என்பதற்கு வருவோம். கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லும், இறங்கினால் முடுக்கச் சொல்லும். செய்தி போய் அதன் விளைவு திரும்பி வருவதற்குள் சில விநாடி தாமதமாவதால், இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 10 விநாடி என்ற இயல்பான தாளம் உண்டு. ஊஞ்சல் திரும்பும் கணத்தில் தள்ளினால் சிறு தள்ளலுக்கே உயரப் போகிறதல்லவா, அதுபோல 10 விநாடிக்கு ஒரு மூச்சு விட்டால் இரண்டு தாளமும் சேர்ந்துகொள்ளும்.

இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய ஒரு கட்டுரை இங்கே சுவையானது. 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லச் செய்தார்கள். 'ஓம் மணி பத்மே' மந்திரத்தையும் சொல்லச் செய்தார்கள். இரண்டிலுமே மூச்சு ஏறத்தாழ நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்குத் தானாகவே இறங்கியது. யாரும் எண்ணச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வரியின் நீளமே மூச்சை நீட்டிவிட்டது.

கேள்வி: 4–6 முறையைச் செய்து பார்த்தேன். மூன்றாவது சுற்றிலேயே காற்றுப் போதாமல் மூச்சு முட்டுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்.

முதலாவது, எண்ணும் வேகம். பதற்றத்தில் எண்ணினால் ஆறு என்பது மூன்றரை விநாடியில் முடிந்துவிடும். அமைதியாக எண்ணினால் ஒன்பதாக நீளும். மனதுக்குள் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி முடிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளோடு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, முதல் இரண்டு விநாடியிலேயே காற்றையெல்லாம் கொட்டிவிடுவது. மீதி நான்கு விநாடிக்கு விட எதுவும் இருக்காது, நெஞ்சு இறுகும். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதி ஆற்றுவது போல விடுங்கள். அகல்விளக்கை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பழகலாம்: ஆறு விநாடியும் சுடர் ஒரே அளவில் சாய்ந்திருக்க வேண்டும், அணையக் கூடாது. இரண்டு நாளில் கைவந்துவிடும். பிறகு உதட்டைக் குவிக்காமல் மூக்கு வழியாகவே அதே சீரில் விடலாம்.

மூன்றாவது, தோள். இடது கையை மார்பிலும் வலது கையைத் தொப்புளுக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு உள்ளே போகும்போது வலது கை மேலே வர வேண்டும், இடது கை பெரிதாக அசையக் கூடாது. தோள் தூக்கிக்கொண்டால் கழுத்துத் தசைகள் மூச்சு வாங்குகின்றன என்று பொருள். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே இருக்கும் முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் சும்மா இருக்கிறது. உட்கார்ந்து வரவில்லையென்றால் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றின் மேல் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்துப் பழகுங்கள். பை ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: வயிற்றைத் தசையால் முன்னே தள்ளக் கூடாது. காற்று போவதால் வயிறு எழ வேண்டுமே தவிர, வயிறு எழுவதால் காற்று போகாது. புடவை, பாவாடை நாடா இறுக்கமாக இருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள். பலருக்குப் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான்காவது, 4–6 என்பது உங்களுக்கு இப்போதைக்கு நீளமாக இருக்கலாம். 3 இழுத்து 4 விடுங்கள். ஒரு வாரம் கழித்து 3–5, அதற்கடுத்த வாரம் 4–6. மூச்சு முட்டுகிற உணர்வு கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மூளை அடிக்கும் மணி. பழகப் பழக அந்த மணி தாமதமாக அடிக்கும். அதோடு மல்லுக்கு நின்றால் பயிற்சியே பதற்றமாகிவிடும்.

தினமும் காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம். மனம் அமைதியாக இருக்கும்போதுதான் பழக வேண்டும். ஊரில் வெள்ளம் வந்தபிறகு யாரும் நீச்சல் கற்க முடியாது.

கேள்வி: 4–4–4–4 என்று 'பாக்ஸ் பிரீதிங்' செய்யச் சொல்லி எங்கள் கம்பெனியில் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்க நேவி சீல் வீரர்கள் செய்வதாம். வேறு இடத்தில் 'இரட்டை மூச்சு' என்கிறார்கள். எது சரி?
– மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு.

4 இழுத்து, 4 அடக்கி, 4 விட்டு, 4 வெறுமையாக நிற்பது பெட்டி மூச்சு. ஒரு சுற்று 16 விநாடி. நிமிடத்துக்கு நான்குக்கும் குறைவு. இழுப்பதும் விடுவதும் சமம் என்பதால் இது தூங்கவைக்காது. விழிப்போடு நிதானமாக வைத்திருக்கும். மீட்டிங்குக்குள் நுழையும் முன், இரவு ரிலீஸுக்கு உட்காரும் முன் பொருத்தம். எல்லாரும் சறுக்குவது நான்காவது பக்கத்தில், விட்டபிறகு நிற்கும் இடத்தில். அங்கே தொண்டையை இறுக்கிப் பூட்டாதீர்கள். பேச்சின் நடுவே ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது போல வெறுமனே நில்லுங்கள். நான்கு முடியவில்லையென்றால் எல்லாப் பக்கத்தையும் மூன்றாக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் குறைத்தால் பெட்டி பெட்டியாக இருக்காது. நான்கைந்து சுற்று போதும்.

இரட்டை மூச்சு என்பது நம் பெருமூச்சேதான். மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, விடாமல் அதன் மேலேயே இன்னொரு சிறு மூச்சை உறிஞ்சி, பிறகு வாயால் நீளமாக விடுவது. நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. சும்மா இருக்கையில் அவற்றில் சில சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் திறக்க உடல் தானாகவே மணிக்குப் பன்னிரண்டு முறை அளவில் பெருமூச்சு விட்டுக்கொள்கிறது, நமக்குத் தெரியாமலே. அந்த இரண்டாவது உறிஞ்சல் ஒட்டியவற்றைத் திறக்கிறது. பின்வரும் நீள்மூச்சு பிரேக் போடுகிறது. வீட்டில் பெருமூச்சு விட்டால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். உடற்கூறு பெருமூச்சின் பக்கம் நிற்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் நாளுக்கு 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் பயிற்சி செய்தார்கள். பெருமூச்சுக் குழு, பெட்டி மூச்சுக் குழு, வேகமூச்சுக் குழு, தியானக் குழு என நான்கு. மனநிலை மேம்பட்டதில் பெருமூச்சுக் குழு முன்னால் நின்றது. அதற்காகப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். மேலாளரிடமிருந்து கோபமான மின்னஞ்சல் வந்த அந்தக் கணத்துக்கு ஒன்று முதல் மூன்று பெருமூச்சு. நிதானமாகப் பதில் எழுத உட்காரும்போது பெட்டி. பெருமூச்சை மட்டும் வேக வேகமாகப் பத்து முறை அடுக்காதீர்கள், நாமக்கல் மாணவிக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும்.

கேள்வி: கல்லூரி அணியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். மூச்சை நிறைத்து அடக்கிக்கொண்டு குறிபார்க்கிறேன். சில விநாடிகளில் கை நடுங்குகிறது, குறிமுள் மங்குகிறது. போட்டியில் இன்னும் அதிகம்.
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நிறைத்து அடக்குவதுதான் பிழை. நிறைந்த மார்பு காற்றடைத்த பந்து. விலா இறுகும், தோள் ஏறும், ஒவ்வொரு இதயத்துடிப்பும் கை வழியாகத் துப்பாக்கி வரை போகும். சுட வேண்டிய இடம் மூச்சின் மறுமுனையில் இருக்கிறது. மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும், அடுத்ததை இழுக்கும் முன் இரண்டு மூன்று விநாடி உடல் தானாகவே ஓய்கிறது. அந்த ஓய்வை 6 முதல் 8 விநாடிக்கு நீட்டலாம். அந்த நேரத்தில் மூச்சுத் தசைகள் தளர்ந்திருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். துப்பாக்கி மேசையில் இருக்கும்போதே ஒன்றிரண்டு நிதான மூச்சு. இழுத்துக்கொண்டே கையை இலக்குக்கு மேல்வரை தூக்குங்கள். விட்டுக்கொண்டே கையை இறக்கிக் குறியிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கை நிற்பதும் மூச்சு நிற்பதும் ஒன்றாக நிகழ வேண்டும். விசையின் முதல் அழுத்தத்தை இறங்கும்போதே எடுத்துவிடுங்கள். 8 விநாடிக்குள் ஷாட் போகவில்லையென்றால் கையை இறக்கிவிட வேண்டியதுதான். பத்தாவது விநாடியில் "இப்போது போய்விடும்" என்று இழுத்துப் பிடிப்பவர்கள்தான் பத்துப் புள்ளிக்குப் பதில் ஏழும் எட்டும் வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் மூச்சு வாங்கச் சொல்லி உதரவிதானம் உதைக்கும், தோள்தசை களைக்கும், உற்றுப் பார்த்த கண் மங்கும். மூன்றும் ஒரே சமயத்தில் வரும்.

அவசரத்துக்குக் காரணமும் இல்லை. தகுதிச் சுற்றில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். ஒன்றுக்கு 75 விநாடி. இரண்டு முறை கையை இறக்கி மறுபடி தூக்கினாலும் நேரம் மிச்சம்.

இலக்குத் தாளைப் படித்தும் மூச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். துளைகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் நீண்டிருந்தால் முதலில் மூச்சைச் சந்தேகியுங்கள்: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்துகிறீர்கள். இடவலமாகச் சிதறினால் அது பெரும்பாலும் விசைவிரலின் குற்றம். காலித் துப்பாக்கியோடு, பாதுகாப்பான திசையில், தினம் 20 முறை இந்த வரிசையை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழகுங்கள்.

ஓடிவந்து சுடுபவர்கள் கதை வேறு. பயத்லான் வீரர்கள் பனிச்சறுக்கி வந்து, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து குண்டு சுடுகிறார்கள். அவர்களால் 8 விநாடி நிற்க முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் இடையே ஓரிரு மூச்சு விட்டு, மிகச் சிறிய இடைவெளியில் சுட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து நீங்கள் பழக வேண்டாம்.

கேள்வி: 108-இல் வேலை. விபத்து இடத்தில் இரண்டு கையும் ரத்தமாக இருக்கும்போது நாலு, ஆறு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியுமா ஐயா?
– மருத்துவ உதவியாளர், விழுப்புரம்

பதில்: முடியாது. எண்ண வேண்டியதும் இல்லை. உங்கள் வேலைக்குள்ளேயே மூச்சுக்கான இடங்கள் இருக்கின்றன. அவற்றைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும்.

அழைப்பு வந்து வண்டி புறப்படும் நேரம் முதல் இடம். சீட் பெல்ட் மாட்டியதும் மூன்று நீள்மூச்சு என்று பழக்கமாக்குங்கள். கை கழுவுவது இரண்டாவது: சோப்பு போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி, அதாவது நான்கு முதல் ஆறு மூச்சு. கைத்தேய்ப்பு மருந்தென்றால் 20 முதல் 30 விநாடி, இரண்டு மூன்று மூச்சு. கையுறை மாட்டும்போது ஒன்று. நரம்பில் ஊசி ஏற்றும் அந்தக் கணத்தில் பலர் தம்மையறியாமல் மூச்சை அடக்குவார்கள். ஊசி நகரும்போது மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கட்டும். கை நடுக்கம் குறையும்.

நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். குழுவுக்குக் கேட்க வேண்டும் என்பதோடு, பேசும் வாய் மூச்சை அடக்க முடியாது என்பதும் காரணம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் கொடுக்கையில் அடக்கிய மூச்சோடு செய்பவருக்கு ஒரு நிமிடத்திலேயே கை தளரும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்போது ஒரு விஷயம் கவனம்: உடனே 4–6 என்று மெதுவாக்கப் பார்க்காதீர்கள். உழைத்த உடல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியாக வேண்டும். அப்போது வாங்கும் மூச்சு பதற்ற மூச்சு அல்ல, தேவை மூச்சு. மூன்று மாடி ஏறி ஸ்டிரெச்சர் தூக்கி வந்தவருக்கும் இதுதான். வாங்கட்டும். ஒரு நிமிடம் போல விட்டு, தானே தணியத் தொடங்கியபின் விடுமூச்சை மட்டும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

கேள்வி: திருமந்திரத்தில் 16–64–32 என்று கணக்கு வருகிறதே, நீங்கள் 4–6 என்று நிறுத்திவிட்டீர்கள்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: பதினாறு மாத்திரை பூரகம் (இழுப்பது), அறுபத்து நான்கு கும்பகம் (அடக்குவது), முப்பத்திரண்டு ரேசகம் (விடுவது); ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு என்ற விகிதம். மாத்திரை என்பது இலக்கணத்தில் படித்த கண்ணிமைப் பொழுது, கைநொடிப் பொழுது. கடிகார விநாடி அல்ல. அதை விநாடியாக வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்துச் செய்பவர்கள் ஒரு மூச்சுக்கு 112 விநாடி போராடுகிறார்கள். அந்தக் கணக்கு வேறு நோக்கத்துக்கானது. ஆசிரியர் அருகில் இருந்து, பல ஆண்டுகளில் படிப்படியாக ஏற்ற வேண்டியது. பதற்றத்தில் இருப்பவர் நீண்ட கும்பகம் செய்தால் ரத்த அழுத்தமும் முட்டலும் கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் அந்த விகிதத்தில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. கும்பகத்தை எடுத்துவிட்டு 4 இழுத்து 8 விடுங்கள். நிமிடத்துக்கு 5 மூச்சு வரும். தூக்கம் வராத இரவுக்கு இது 4–6-ஐவிட நல்லது.

கேள்வி: மூச்சைக் கவனித்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சு வருமா என்று தோன்றிவிடும். பேனிக் அட்டாக் (திடீர்ப் பீதி) வரும்போது காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: காகிதப் பை வேண்டாம். விட்ட காற்றையே திரும்ப எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும் என்ற கணக்கில் ஒரு காலத்தில் சொன்னார்கள். பையில் ஆக்சிஜனும் இறங்கிவிடும். படபடப்புக்குக் காரணம் பீதியாக இல்லாமல் மாரடைப்போ ஆஸ்துமாவோ ஆக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, உங்களிடம் குறையில்லை. உங்களுக்குப் பின்வாசல் வழி: மூச்சைப் பார்க்காமல் குரலைப் பாருங்கள். கண்ணைத் திறந்தபடியே வைத்து, வாயை மூடி, வண்டு போல "ம்ம்ம்" என்று முடிந்தவரை நீட்டுங்கள். முடிந்ததும் தானாக வருவதை மூக்கால் வரவிடுங்கள். பிராமரி என்று யோகத்தில் சொல்வது இதுவே. ரீங்கரிக்கும்போது மூச்சை வேகமாக விடவே முடியாது, எண்ணும் வேலையும் இல்லை. இன்னொரு செய்தி: ரீங்கரித்தால் மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு சாதாரண மூச்சைவிட 15 மடங்கு கூடுவதாக ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் கண்டார்கள். சைனஸ் அறைகளில் காற்று நன்றாக ஓடுவதன் அடையாளம் அது. பயத்தைப் போக்குவது அதுதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் நீல நிறப் பொருள்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே ரீங்கரிக்கலாம். இந்த அட்டாக் அடிக்கடி வந்து, வெளியே போகவே தயங்கும் நிலை என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கேள்வி: எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்குது. இப்ப ஐந்து மாதக் கர்ப்பமும். இந்தப் பயிற்சிகள் செய்யலாமோ?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: மூச்சை அடக்காத பயிற்சிகள் மட்டும். 3–4 அல்லது 4–6, உட்கார்ந்தபடியோ இடப்பக்கம் ஒருக்களித்தோ. மல்லாந்து நெடுநேரம் படுத்துச் செய்ய வேண்டாம். பெட்டி மூச்சு, வேகமூச்சு இரண்டும் பிரசவம் முடியும் வரை வேண்டாம். கர்ப்பத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு இயல்பாகவே சற்றுக் குறைந்திருக்கும், அதனால் வேகமூச்சில் கிறுகிறுப்பு சீக்கிரம் வரும். தொய்வுக்காரருக்கு உதட்டைக் குவித்து விடுவது நல்லது. காற்றுக்குழாய் சீக்கிரம் மூடாமல் தாங்கிப்பிடிக்கும். ஆனால் இழுப்பு வந்தபிறகு மூச்சுப் பயிற்சியால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், முதலில் இன்ஹேலர். அதற்கும் அடங்காமல் பேச்சு முழு வாக்கியமாக வராவிட்டால் உங்கள் நாட்டு ஆம்புலன்ஸ் எண்ணான 1990-ஐ அழையுங்கள். வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து: நெஞ்சு அழுத்தி வலித்தால், வலி கைக்கோ தாடைக்கோ போனால், ஒரு பக்கம் பலவீனமானால், அது பதற்றமா என்று மூச்சு விட்டுப் பார்க்கும் நேரமல்ல.

கேள்வி: என் ஸ்மார்ட் வாட்ச் நிமிடத்துக்கு 7 மூச்சு என்கிறது, செயலி 5.5 என்கிறது. எதைக் கேட்பது?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஆளுக்கு ஆள் பொருத்தமான அளவு ஏறத்தாழ 4.5-இலிருந்து 7 வரை மாறும். உயரமானவர்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எதில் முட்டாமல் ஐந்து நிமிடம் போகிறதோ அது உங்கள் எண். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

கேள்வி: மகன் நீச்சல் போட்டிக்குப் போகிறான். குதிக்கும் முன் இருபது முப்பது வேக மூச்சு எடுத்தால் தண்ணீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம், பயமும் போகும் என்று சக பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.
– தந்தை, தூத்துக்குடி

பதில்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வேக மூச்சால் ஆக்சிஜன் கூடுவதில்லை. முதல் கடிதத்தில் பார்த்தபடி கார்பன் டை ஆக்சைடுதான் இறங்குகிறது. "மேலே போ, மூச்சு எடு" என்று மூளையைத் தட்டுவது அந்த வாயுதான். அதை முன்கூட்டியே கழித்துவிட்டால் தட்டும் மணி அடிக்காது. ஆக்சிஜன் தீர்ந்துபோவது தெரியாமலே நினைவு தப்பும். தண்ணீருக்கடியில் நினைவு தப்பினால் அடுத்த மூச்சு தண்ணீர்தான். கைகால் உதறல்கூட இருக்காது, கரையில் நிற்பவருக்கு அவன் நீந்துவது போலவே தெரியும். நன்றாக நீந்துபவர்களும் இடுப்பளவு ஆழமுள்ள குளத்தில் இப்படி இறந்திருக்கிறார்கள்.

உங்கள் ஊர்க் கடலில் சங்கு எடுக்க மூழ்குபவர்கள் தலைமுறைகளாக மூச்சடக்கத்தைத் தொழிலாகச் செய்தவர்கள். தனியாக மூழ்குவது அவர்களுக்கே ஆபத்து. மகனுக்குத் தொடக்கப் பலகையில் வேண்டியது இவ்வளவுதான்: பலகைக்குப் பின்னால் நிற்கும்போது 4–6 கணக்கில் ஐந்தாறு மூச்சு, ஏறியதும் ஒரு சாதாரண மூச்சு, தொடக்க ஒலி கேட்டதும் குதி. நீருக்கடியில் யார் அதிக நேரம் என்ற பந்தயத்தைப் பயிற்சியாளர் அனுமதிக்கிறார் என்றால், பயிற்சியாளரை மாற்றுங்கள்.